தாயின் மறதி, பிள்ளைகளின் அச்சம்

மார்கழி மாதத்து விடியற்காலை. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், பழைய வீடு ஒன்றின் கூடத்தில் எழுபத்தொன்பது வயது அம்மையார் ஒருவர் அமர்ந்து திருப்பாவை சேவித்துக்கொண்டிருக்கிறார். முப்பது பாசுரங்களிலும் ஒரு சொல் பிறழவில்லை. ஓர் அடி முன்பின் மாறவில்லை. சேவித்து முடித்துக் கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்கிறார். எதிரே காபித் தம்ளருடன் மகள் நிற்கிறார். அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன் கேட்கிறார்: "நீங்கள் எந்த வீட்டுப் பெண்? இவ்வளவு காலையில் வந்திருக்கிறீர்களே, உங்கள் அம்மா தேடமாட்டாளா?"

மகளுக்கு வயது ஐம்பத்தெட்டு. பள்ளி ஆசிரியையாக இருந்து, தாயைப் பேணும் பொருட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். முதன்முறை இக்கேள்வி வந்த அன்று அடுக்களைக்குச் சென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இப்பொழுது அழுவதில்லை. "பக்கத்து வீடுதான் அம்மா. காபி கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். தாயும் நிம்மதியாகக் காபியை வாங்கிக்கொள்வார்.

நோய் வந்ததை முதலில் எவரும் உணரவில்லை. நாற்பது ஆண்டுகளாக வடக்கு வாசல் வழியாகச் சென்று தாயார் சந்நிதியில் சேவித்துவிட்டு, அரை மணியில் வீடு திரும்புவது அம்மையாரின் வழக்கம். 2019-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் அவர் திரும்பவில்லை. மகள் சந்நிதி சந்நிதியாகத் தேடினார். தாயார் சந்நிதிக்கு நேர்எதிர்த் திசையில், காவிரிக் கரையின் அம்மாமண்டபத்துப் படிக்கட்டில் அம்மையார் உட்கார்ந்திருந்ததைப் பூக்காரப் பெண்மணி ஒருவர் அடையாளம் கண்டு ஆட்டோவில் அழைத்து வந்தார். "வீதியெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்றார் அம்மையார். ஏழு திருச்சுற்றுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து கடக்கக்கூடியவர் என்று பெயர் பெற்றவர் அவர்.

தில்லைநகரில் உள்ள நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் உடனே எந்தப் பெயரையும் சொல்லிவிடவில்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும், அவை சரிசெய்யக்கூடியவை, ஆதலால் முதலில் அவற்றைத் தேடவேண்டும் என்றார். இரத்தப் பரிசோதனைகளும் மூளையின் ஸ்கேனும் முடிந்த பிறகே, "இது அல்சைமர் வகை மறதி நோய்" என்று மென்மையாகத் தெரிவித்தார். முதியோர்க்கு மறதி தோன்றினால், "வயதாகிவிட்டது" என்று ஒதுக்காமல் இப்பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியம். ஒரு சிலருக்கேனும் அது மருந்தால் தீரும் மறதியாக இருக்கும்.

இந்த வீட்டுக்கு அந்த நோய் முற்றிலும் புதியதன்று. அம்மையாரின் தமக்கையும் கும்பகோணத்தில் தம் கடைசி ஆறு ஆண்டுகளை இப்படித்தான் கழித்தார். அந்நாளில் அதனைப் புத்தித் தடுமாற்றம் என்றார்கள். வாசற்கதவைப் பூட்டி வைத்தார்கள். வெளியில் சொல்லக் கூசினார்கள். இது ஏதோ ஒரு குடும்பத்துக் குறை அன்று. இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி, அறுபது வயதைக் கடந்தவர்களில் 100-க்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள்.

அம்மையாருக்கு மகளைத் தவிர இரு மகன்கள். மூத்தவர் திருச்சி கே.கே.நகரில் வசிப்பவர், வயது ஐம்பத்தைந்து. இளையவர் அமெரிக்காவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருப்பவர். தந்தை அறுபத்து மூன்றாம் வயதில் மாரடைப்பால் பரமபதித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அமெரிக்காவிலிருந்து தொலைபேசி வந்தது. வழக்கமான நலம் விசாரிப்புக்குப் பிறகு இளையவர் தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னார். அந்நாட்டில் ஒரு குப்பியில் உமிழ்நீரை நிரப்பி அஞ்சலில் அனுப்பினால், மரபணுக்களைப் படித்துச் சொல்லிவிடும் நிறுவனங்கள் உண்டு. அண்ணனுக்கும் அக்காவுக்கும் சொல்லாமல் அவர் அப்படி அனுப்பியிருந்தார். ஏபிஓஇ என்னும் மரபணுவின் ஈ4 என்ற வகை அவரிடம் இரண்டு பிரதிகள் இருப்பதாக விடை வந்திருந்தது. அல்சைமர் நோய்க்கான வாய்ப்பை உயர்த்தும் வகை அதுதான் என்பது 1993-ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட செய்தி.

"எனக்கு இது வந்தே தீரும் என்று பொருளில்லையாம் அக்கா. ஆனாலும் நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்வது நல்லது என்று தோன்றிற்று" என்றார்.

அக்காள் ஒன்றும் பேசவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தச் சொற்களின் கனம் தெரிந்தது. ஒவ்வொருவரும் ஒரு பிரதியைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். இளையவரிடம் இரண்டும் ஈ4 என்றால், தாயிடம் ஒன்றேனும் இருந்தது. தந்தையிடமும் ஒன்றேனும் இருந்தது. ஆகவே உடன்பிறந்த மற்ற இருவரில் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதியாவது இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தபட்சம் நான்கில் மூன்று. தம்பி தம் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்தார். அப்படிப் பிரித்தபோது அக்காவின் பெயருக்கு வந்த கடிதத்தின் உறையும் பாதி கிழிந்துவிட்டது. இதனை அவர் கேட்கவில்லை, விரும்பவும் இல்லை. இனி அதைத் தெரியாததாக்கிக் கொள்ளவும் வழியில்லை.

மூத்த தம்பிக்கோ பொறுக்கவில்லை. சில மாதங்களாகவே அவர் அஞ்சிக்கொண்டிருந்தார். சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று ஒரு நாள் கால்மணி நேரம் தேடியிருக்கிறார். அலுவலகத்தில் ஒருவரின் பெயர் நாவில் வராமல் நின்றிருக்கிறது. எல்லோருக்கும் நேர்வதுதான், தாயைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் ஒவ்வொரு சிறு மறதியும் நோயின் முதற்படியாகத் தோன்றுகிறது. "நாளைக்கே பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம். அக்கா, நீயும் கொடு. ஒரேயடியாகத் தெரிந்துவிடட்டும்" என்று பிடிவாதமாக நின்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றார் அக்காள். "வரப்போவதை வரும்போது பார்த்துக்கொள்கிறேன். பெண்ணுக்கு இப்போதுதான் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பேச்சு வெளியில் போனால் என்ன ஆகும்?"

"கண்ணை மூடிக்கொண்டால் விடியாதா?"

"உன் கண்ணை நீ திறந்துகொள். என் கண்ணை ஏன் திறக்க வருகிறாய்?"

தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ இரண்டு பேர் தம் வீட்டுக் கூடத்தில் சண்டையிடுவதாக எண்ணி, "சந்நிதிக்கு நேரமாகிறது, சத்தம் போடாதீர்கள்" என்றார். தம்பி எழுந்து சென்றுவிட்டார். மூன்று வாரங்கள் அவர் ஸ்ரீரங்கம் பக்கம் வரவில்லை.

தாயை மாதாந்திரப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் நாள் வந்தபோது, வேறு வழியின்றி இருவரும் தில்லைநகரில் சந்தித்தார்கள். மருத்துவர் தாயைப் பார்த்து முடித்ததும், தம்பி விஷயத்தைச் சொன்னார். மருத்துவர் இருவரையும் அமரச் செய்து நெடுநேரம் பேசினார். அன்று அவர் விளக்கியவை, பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை.

மூளை சிதைவுறும் நோய்களில் மரபின் பங்கு இரு விதமாக அமைகிறது. முதல் விதத்தில் ஒரே ஒரு மரபணுவின் கோளாறே நோயைத் தந்துவிடுகிறது. ஹண்டிங்டன் நோய் அத்தகையது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. சிறுமூளை சிதைந்து நடை தள்ளாடும் நோய்களில் சிலவும் இவ்வகையின. அவற்றுள் ஒன்று தமிழ் பேசும் ஒரு சமூகத்தாரிடையே மிக அதிகமாகக் காணப்படுவதைத் தமிழக மருத்துவர்கள் 2005-இல் ஓர் ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். மிக இளம் வயதிலேயே, நாற்பதுகளில், அல்சைமர் நோய் தாக்கும் சில அரிய குடும்பங்களும் இவ்வகையில் அடங்கும். அத்தகைய குடும்பங்களில் நலமாக இருப்பவரின் இரத்தத்தைக் கொண்டே, அவருக்குப் பிற்காலத்தில் நோய் வருமா என்பதைப் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிட இயலும்.

இரண்டாவது விதமே நம்மிடையே மிகப் பெரும்பான்மை. முதுமையில் வரும் அல்சைமர் நோயில் மரபணு ஒரு பங்காளி மட்டுமே. ஈ4 வகையில் ஒரு பிரதி உள்ளவர்க்கு நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகிறது. இரு பிரதி உள்ளவர்க்கு அதனினும் பல மடங்கு உயர்கிறது. ஆயினும் இரண்டு பிரதி இருந்தும் தெளிந்த நினைவுடன் முதுமை எய்துவோர் உண்டு. ஒரு பிரதியும் இல்லாமல் நோயுறுவோரும் உண்டு. இக்கணக்குகளும் பெரும்பாலும் மேலைநாட்டு மக்களைக் கொண்டு போடப்பட்டவை. நம்மவர்க்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது.

"சோதனை செய்தால் தெரிந்துவிடும் என்கிறீர்கள். தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள்? அந்தக் கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு வாருங்கள். அதன் பிறகு சோதனையைப் பற்றிப் பேசுவோம்" என்றார் மருத்துவர் தம்பியிடம். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் உரிமைதான் அம்மா. இதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார்.

அறிய மறுப்பது அறியாமையாகாது என்பதற்கு உலகம் அறிந்த சான்றுகள் உண்டு. அமெரிக்க அறிஞர் நான்சி வெக்ஸ்லரின் தாய்க்கு 1968-இல் ஹண்டிங்டன் நோய் இருப்பது தெரியவந்தது. மகள் அந்நோயின் காரணத்தைக் கண்டறிவதையே தம் வாழ்நாட்பணியாக ஏற்றார். அந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட வெனிசுவேலா நாட்டு மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு 1979 முதல் பலமுறை சென்று, ஆயிரக்கணக்கானோரின் குருதி மாதிரிகளையும் குலவழிகளையும் திரட்டினார். 1983-இல் அந்த மரபணு இருக்கும் இடம் தெரிந்தது. 1993-இல் மரபணுவே அகப்பட்டது. அவருடைய உழைப்பினால்தான் நலமாக இருப்போர் முன்கூட்டி அறியும் சோதனை உலகுக்குக் கிடைத்தது. அவரோ, அதைத் தமக்குச் செய்துகொள்வதில்லை என்று முடிவு செய்தார். தமக்கும் அந்நோய் வந்துவிட்டதை 2020-இல், எழுபத்து நான்காம் வயதில், வெளிப்படையாகத் தெரிவித்தார். இடைப்பட்ட ஆண்டுகள் அனைத்தையும் அவர் பணியில் செலவிட்டார்.

மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தம் மரபணுத் தொகுதி முழுவதையும் உலகின் பார்வைக்கு வைத்தார். ஒன்றை மட்டும் தமக்கும் தெரிவிக்க வேண்டாம், பிறர்க்கும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது இதே ஏபிஓஇ மரபணுவின் விவரம். அவருடைய பாட்டியார் அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்டவர்.

எனினும், அறிந்துகொண்டால் மனம் உடைந்துபோகும் என்பதும் முழு உண்மையன்று. அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகள் 162 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. தக்க ஆலோசனையுடன் தம் மரபணு நிலையை அறிந்தவர்கள், அறியாதவர்களைவிடப் பெரிய மனப்பாதிப்புக்கு உள்ளாகவில்லை என்பது அதன் முடிவு. ஈ4 இல்லை என்று அறிந்தவர்க்குக் கவலை குறைந்தது. ஆகவே சோதனை தீயதும் அன்று. எல்லோர்க்கும் உரியதும் அன்று. கேட்பவர் தாமே விரும்பிக் கேட்கவேண்டும். முன்னும் பின்னும் விளக்கிச் சொல்ல ஓர் ஆலோசகர் வேண்டும். உமிழ்நீர்க் குப்பியோடு வரும் அச்சடித்த தாள் அந்த இடத்தை நிரப்பாது. இப்பொழுது இரத்தச் சோதனைகளும் வந்திருக்கின்றன. அமெரிக்க அரசு 2025 மே மாதம் அனுமதித்த சோதனையும், 55 வயதைக் கடந்து, மறதி அறிகுறிகள் தோன்றியவர்க்கே உரியது. நலமாக இருப்பவர் பயத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டதன்று.

பேச்சு முடிந்து எழும்போது மருத்துவர், "சற்று இருங்கள். இருவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்துவிடுகிறேன்" என்றார்.

தம்பிக்குச் சற்றே அதிகம். அக்காவுக்கு 172/104. மருத்துவர் ஐந்து நிமிடம் அமரவைத்து மீண்டும் பார்த்தார். எண் பெரிதாகக் குறையவில்லை. கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். அக்காவுக்கு நினைவில்லை. தாய்க்கு நோய் கண்டது முதல் தமக்கென்று மருத்துவரிடம் சென்றதே இல்லை. தாயின் மாத்திரைகளை மணி தவறாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், தம் தலைவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு நான்கு ஆண்டுகளைக் கடத்தியிருந்தார்.

"நீங்கள் இரண்டு பேரும் மரபணுவைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள். மூளையைக் கெடுக்கும் ஒன்று இதோ கையிலேயே அகப்பட்டுவிட்டது. இதற்கு மருந்து இருக்கிறது" என்றார் மருத்துவர். தம்பியிடம் பேசும்போது அவர் ஒவ்வொரு முறையும் வலக்காதைத் திருப்பிக்கொள்வதையும் கவனித்திருந்தார். இடக்காதின் கேள்விறனைச் சோதிக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024-இல், மறதி நோய்க்கு இடம் தரும், நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கைப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடற்பருமன், செவித்திறன் குறைவு, சிகிச்சை பெறாத பார்வைக் குறைவு, மனச்சோர்வு, உடலுழைப்பின்மை, புகை, மிகு மது, தலைக்காயம், தனிமை, காற்று மாசு, இளமையில் கல்வி இன்மை ஆகியவையே அவை. இவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகின் மறதி நோயில் 45 சதவிகிதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அவர்களது கணிப்பு. நோயின் மாற்றங்கள் மூளையில் தொடங்கிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே மறதி வெளிப்படுகிறது. அந்த நீண்ட இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை அறியவே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் ஸ்ரீநிவாசபுரத்தின் கிராமங்களில் 45 வயதைக் கடந்த, நினைவு நலமாக உள்ள 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. நம்மவர்க்கான கணக்கு இனி அங்கிருந்து கிடைக்கும்.

அன்று இரவு அக்காவுக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த கட்டிலில் தாய் மெல்லிய குரலில் ஏதோ சேவித்துக்கொண்டிருந்தார். செவி கொடுத்துக் கேட்டபோது, அது பெரியாழ்வார் திருமொழியில் அரங்கனை நோக்கிப் பாடிய பத்துப் பாசுரங்கள் என்று தெரிந்தது. உடல் தளர்ந்து, நா எழாமல், உன்னை நினைக்கவே இயலாது போகும் அந்த நேரத்துக்காக, நினைவு தெளிந்திருக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்று ஆழ்வார் விண்ணப்பிக்கும் பாசுரங்கள் அவை. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் நடக்கக் கற்கும்போதே காதில் விழுபவை. மூன்று பிள்ளைகளுக்கும் அவற்றைச் சொல்லிக் கொடுத்தவர் இந்தத் தாய்தான். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும்.

அம்மா தம் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவரல்லர். அவர் காலத்தில் அந்தச் சோதனையும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார் என்று மகளுக்குத் தோன்றியது. இனி அம்மா நினைக்காவிட்டால்தான் என்ன? மனமும் உடலும் நலமாக இருக்கும்போது தம்மை நினைத்தவன், கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும் காலத்தில் தாமே அவனை நினைப்பதாக வராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிய வார்த்தையை இவ்வூரில் அறியாதார் யார்? பல மாதங்களாக மகளின் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று அன்று தணிந்தது.

மறுநாள் காலை அவர் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார். "நீ சோதனை செய்துகொள்ள வேண்டுமானால் செய்துகொள். உன் மனம் அதற்குத்தான் அமைதிப்படும் என்றால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் முடிவை என்னிடம் சொல்லாதே. நான் செய்துகொள்ளமாட்டேன். மற்ற எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம்."

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சரி அக்கா" என்றார். அன்று மாலை ஒன்றாம் எண் பேருந்தில் ஸ்ரீரங்கம் வந்து இறங்கினார். கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது.

சேர்ந்து செய்தவை பல. தாயின் குடும்ப ஓய்வூதியத்திற்கு நவம்பர் தோறும் தரவேண்டிய வாழ்நாள் சான்று, கையெழுத்து மாறிப்போனதால் வங்கியில் ஏற்பட்ட சிக்கல், கைரேகை வைப்பதற்கான விதிமுறை ஆகியவற்றை அலைந்து திரிந்து ஒழுங்கு செய்தபோது, தம் பிள்ளைகளுக்கு இந்தத் துன்பம் வரலாகாது என்று இருவருக்கும் தோன்றியது. வைப்புத் தொகைகளுக்கு நியமனதாரரைக் குறித்தார்கள். கணக்குகளை இருவரில் ஒருவர் இயக்கும் வகையில் மாற்றினார்கள். தெளிந்த மனத்துடன் இருக்கும்போதே உயில் எழுதினார்கள். பலரும் பொது அதிகாரப் பத்திரம் ஒன்று இருந்தால் போதும் என்று நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்துவிட்டால் இந்தியச் சட்டப்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடும். முதியோர் இதனை மனத்திற் கொள்வது நல்லது. இவற்றுள் எதற்கும் மரபணுச் சோதனை தேவைப்படவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் உரிய ஏற்பாடுகளே இவை.

பெண்ணின் திருமணப் பேச்சு கூடி வந்தபோது, பாட்டிக்கு உள்ள நோயை அக்காள் மறைக்கவில்லை. பிள்ளை வீட்டார் வந்த அன்றே சொல்லிவிட்டார். மரபணுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது தம்பியின் கடிதம். தம் மகளுடைய கடிதத்தை மகள்தான் ஒருநாள் விரும்பினால் பிரிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். பிள்ளையின் தாயார் கேட்டுவிட்டு, "எங்கள் மாமனாரும் ஆறு வருடம் இப்படித்தான் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன்" என்றார். பிறகு அந்த இரண்டு பெண்மணிகளும் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு, இரவில் உறங்காதவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அரை மணி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் உள்ள இளையவரும் தம் அவசரத்துக்கு வருந்தினார். "உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் அக்கா" என்றார். "போகட்டும், நடக்கிறாயா தினமும்?" என்று கேட்டார் அக்காள்.

மூத்த தம்பி சோதனை செய்துகொண்டாரா, செய்துகொண்டால் விடை என்ன என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. காலை தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறார்; இடக்காதில் கருவி பொருத்திக்கொண்டிருக்கிறார்; ஞாயிறு தோறும் ஸ்ரீரங்கம் வந்து தாய்க்கருகே அமர்ந்து திருவாய்மொழி சேவிக்கக் கற்றுக்கொள்கிறார். அதைக் கொண்டு எதையும் ஊகிக்க அக்காள் முயன்றதில்லை. அவருடைய இரத்த அழுத்தம் மாத்திரையினால் இப்பொழுது கட்டுக்குள் இருக்கிறது.

சென்ற சித்திரைத் தேரன்று மூவரும் வாசல் திண்ணையில் இருந்தார்கள். தேர் கீழச் சித்திரை வீதியில் புறப்பட்டுத் தெற்கும் மேற்கும் கடந்து, நிலைக்குத் திரும்புமுன் கடைசியாக வரும் வீதி அவர்களுடையது. வடம் பிடிப்போரின் ஆரவாரம் நெருங்க நெருங்கத் தாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேர் வீட்டெதிரே வந்து ஒரு கணம் நின்றது. நம்பெருமாளைக் கண்ட அம்மையார் இரு கைகளையும் தலைமேல் குவித்தார். பிறகு இரு பக்கமும் நின்ற மகனையும் மகளையும் பார்த்து, "நீங்களும் நன்றாகச் சேவித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இவர்கள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகள் இருவரும் சேவித்துக்கொண்டார்கள். தேர் நகர்ந்தது.

நினைவு தெளிந்திருக்கும் நாளிலேயே செய்யவேண்டியவற்றைச் செய்து, சொல்லவேண்டியதைச் சொல்லி வைக்கும் மனத்தைத் திருவரங்கநாதன் நம் எல்லோர்க்கும் அருள்வானாக.